லேசாக இழுத்தால் குணம் மாறும் இரும்பு: சூப்பர்கண்டக்டர் ஆய்வில் 'திரிபு' ஏன் இவ்வளவு முக்கியம்?

2023 ஜூலையில் 'எல்கே-99' என்ற பெயர் சமூக வலைதளங்களில் ஓடியது நினைவிருக்கிறதா? அறை வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள் கிடைத்துவிட்டதாகத் தென்கொரியக் குழு ஒன்று அறிவித்தது. சில வாரங்களில் பல நாட்டு ஆய்வகங்கள் அதைச் செய்து பார்த்துவிட்டு, 'அப்படி ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிட்டன. மீம்ஸும் ஓய்ந்துவிட்டது.

அந்த மாதிரி பரபரப்பு எதுவும் இல்லாமல், 2008 முதல் இன்றுவரை இயற்பியலாளர்கள் விடாமல் துரத்திக்கொண்டிருக்கும் ஒரு சூப்பர்கண்டக்டர் குடும்பம் இருக்கிறது. அதன் முக்கியப் பொருள், நாம் தினமும் பார்க்கும் இரும்பு.

இந்தப் பொருள்களை ஒரு பக்கமாக லேசாக இழுத்தாலோ, அமுக்கினாலோ அவற்றின் காந்தத்தன்மை, மின்தடை, சூப்பர்கண்டக்டர் ஆகும் வெப்பநிலை எல்லாமே மாறுகின்றன. 'லேசாக' என்றால் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக. சில சோதனைகளில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

அவ்வளவு சின்ன இழுப்புக்கு ஏன் இவ்வளவு பெரிய விளைவு? அதில் என்ன கிடைத்தது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், சூப்பர்கண்டக்டர் என்றால் என்ன?

சாதாரணக் கம்பியில் மின்சாரம் போனால் கம்பி கொஞ்சம் சூடாகும். காரணம் மின்தடை. சில பொருள்களைக் குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே குளிர்வித்தால், அந்த மின்தடை முழுசாகப் பூஜ்ஜியம் ஆகிவிடும். கூடவே, பொருளுக்குள் இருக்கும் காந்தப்புலமும் வெளியே தள்ளப்படும். இதுதான் சூப்பர்கண்டக்டர். தமிழில் மீக்கடத்தி.

1911-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஹைக் காமர்லிங் ஓனஸ் இதை முதன்முதலில் பாதரசத்தில் கண்டார். வெப்பநிலை 4.2 கெல்வின், அதாவது ஏறக்குறைய மைனஸ் 269 டிகிரி செல்சியஸ். (கெல்வின் எண்ணிலிருந்து 273-ஐக் கழித்தால் செல்சியஸ் கிடைக்கும்.)

மருத்துவமனை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மெஷினுக்குள் இருப்பதும் சூப்பர்கண்டக்டர் கம்பிச்சுருள்தான். நையோபியம்-டைட்டானியம் கலவையால் ஆன அந்தக் கம்பியைக் குளிர்விக்க விலை அதிகமான திரவ ஹீலியம் வேண்டும். இன்னும் அதிக வெப்பநிலையில் வேலை செய்யும் பொருள் கிடைத்தால் செலவு குறையும். அந்தத் தேடல்தான் இந்தத் துறையையே ஓட்டுகிறது.

1986-ல் பெட்நோர்ஸ், முல்லர் இருவரும் காப்பர் ஆக்சைடு வகைப் பொருள்களில் ஒரு பெரிய பாய்ச்சலைக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே நோபல் பரிசு. அதன் பிறகு அடுத்த பெரிய குடும்பம் கிடைக்க 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரும்பு எப்படி உள்ளே வந்தது?

டோக்கியோ தொழில்நுட்பக் கல்வி நிலையத்தின் ஹிடியோ ஹொசோனோ முதலில் தேடியது சூப்பர்கண்டக்டரை அல்ல. கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் குறைக்கடத்திகளில் ஆராய்ச்சி செய்துவந்தவர் அவர். அந்த வழியில் 2006-ல் அவரது குழுவுக்கு இரும்பும் பாஸ்பரஸும் உள்ள ஒரு சூப்பர்கண்டக்டர் சிக்கியது. வெப்பநிலை 4 கெல்வின் அளவில்தான். பெரிதாக யாரும் கவனிக்கவில்லை.

2008 பிப்ரவரியில் பாஸ்பரஸுக்குப் பதில் ஆர்சனிக் சேர்த்த பொருளை அதே குழு வெளியிட்டது. இந்த முறை 26 கெல்வின். உடனே உலகம் விழித்துக்கொண்டது. சில மாதங்களிலேயே சீனக் குழுக்கள் சமாரியம் சேர்த்து 55 கெல்வின் வரை கொண்டுபோய்விட்டன.

ஏன் இவ்வளவு ஆச்சரியம்? இரும்பு என்றாலே காந்தம். காந்தத்தன்மையும் சூப்பர்கண்டக்டரும் பொதுவாக ஒத்துப்போகாது. சூப்பர்கண்டக்டரில் எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து நகரும். காந்தம் அந்த ஜோடியைப் பிரித்துவிடும். அதனால் 'இரும்பு இருக்கும் பொருளைத் தொடாதே' என்பது எழுதப்படாத விதியாகவே இருந்தது. அந்த விதிதான் உடைந்தது.

உள்ளே என்ன நடக்கிறது? ஸ்கூல் கிரவுண்டுக்குப் போவோம்

இந்தப் பொருள்களில் இரும்பு அணுக்கள் ஒரு தளத்தில், புள்ளிக் கோலத்தின் புள்ளிகள் மாதிரி சதுரம் சதுரமாக அமர்ந்திருக்கும். ஆர்சனிக் அல்லது செலினியம் அணுக்கள் அந்தத் தளத்துக்கு மேலும் கீழும் இருக்கும். இப்படி அடுக்கடுக்காகப் படிகம் வளரும்.

உதாரணத்துக்கு பேரியம், இரும்பு, ஆர்சனிக் சேர்ந்த 'பேரியம்-122' என்ற பொருளை எடுத்துக்கொள்வோம். 2008-ல் ஜெர்மனியில் டிர்க் யோரெண்டின் குழு இதில் பொட்டாசியம் சேர்த்து 38 கெல்வினில் சூப்பர்கண்டக்டர் ஆக்கியது. எதுவும் சேர்க்காத பேரியம்-122 சூப்பர்கண்டக்டர் ஆகாது. மாறாக, சுமார் 140 கெல்வினில் அது காந்த ஒழுங்குக்குப் போகும்.

அந்த ஒழுங்கு எப்படி இருக்கும்? ஸ்கூல் பி.டி. பீரியடைக் கற்பனை செய்யுங்கள். மைதானத்தில் மாணவர்கள் சதுரக் கட்டமாக நிற்கிறார்கள். மாஸ்டர் விசில் அடித்ததும் ஒரு வரிசை முழுக்க எழுந்து நிற்கிறது, அடுத்த வரிசை முழுக்க உட்காருகிறது. மறுபடி ஒரு வரிசை நிற்கிறது, ஒன்று உட்காருகிறது. ஒரு மாணவர் ஓர் இரும்பு அணு. நிற்பது, உட்காருவது என்பவை அந்த அணுவின் காந்த முள் காட்டும் இரண்டு எதிரெதிர்த் திசைகள்.

வரிசையோடு நடந்தால் எல்லாரும் ஒரே நிலையில் இருப்பார்கள். வரிசைகளைக் குறுக்காகக் கடந்தால் ஒருவர் நிற்பார், அடுத்தவர் உட்கார்ந்திருப்பார். இதைத்தான் 'பட்டைக் காந்த ஒழுங்கு' என்கிறார்கள்.

இதில் ஒரு தேர்வு ஒளிந்திருக்கிறது. வரிசைகள் இடமிருந்து வலமாக ஓடலாம், அல்லது முன்னிருந்து பின்னாக ஓடலாம். சதுர மைதானத்தில் இரண்டும் ஒன்றுதான். படிகம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரி, 'நெமாட்டிக்' என்றால்?

இப்போது இன்னொரு காட்சி. மாணவர்கள் மாறி மாறி எழுந்து உட்கார்ந்துகொண்டே இருக்கிறார்கள். எந்த வரிசை நிற்கிறது என்பது நிலையாக இல்லை. ஆனால், ஒரு வரிசையில் இருப்பவர்கள் ஒன்றாகவே எழுகிறார்கள், அடுத்த வரிசை அதற்கு நேர்மாறாகச் செய்கிறது. அதாவது வரிசை எந்தத் திசையில் ஓடுகிறது என்பது முடிவாகிவிட்டது. யார் நிற்பது, யார் உட்காருவது என்பது இன்னும் முடிவாகவில்லை.

இதுதான் நெமாட்டிக் ஒழுங்கு. திசை மட்டும் தேர்வான நிலை. 'நூல்' என்று பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். திரவப் படிகங்களில் நீண்ட மூலக்கூறுகள் ஒரே திசையில் சாய்ந்து நிற்பதைச் சொல்லப் பயன்பட்ட வார்த்தை. நமது எல்.சி.டி. திரைகள் அந்தக் குணத்தில்தான் வேலை செய்கின்றன. எலக்ட்ரான்களும் அப்படி நடந்துகொள்ளலாம் என்று 1998-ல் கிவெல்சன், ஃப்ராட்கின், எமரி மூவரும் எழுதினார்கள்.

நெமாட்டிக் நிலைக்குப் போகும்போது படிகமும் உருமாறும். சதுரமாக இருந்த இரும்புக் கட்டம் செவ்வகமாகிவிடும். ஆனால் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஒரு கேரம் போர்டு அந்த அளவு செவ்வகமானால், கண்ணால் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ப்ளைவுட் பிரச்சினை

அந்தச் சின்ன வித்தியாசத்தை அளக்கப் போனவர்களுக்கு முதலில் ஒரு தடை. ஒரே படிகத்துக்குள் சில பகுதிகள் ஒரு திசையையும், பக்கத்துப் பகுதிகள் மறு திசையையும் தேர்ந்தெடுத்துவிடும். இவற்றை 'இரட்டைகள்' என்பார்கள்.

ப்ளைவுட்டை நினைத்துப் பாருங்கள். மரத்துக்கு நார் ஓடும் திசை உண்டு. அந்தத் திசையில் எளிதாகப் பிளக்கும். ப்ளைவுட்டில் அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதால், மொத்தமாகப் பார்த்தால் எல்லாத் திசையும் ஒரே மாதிரி தெரியும். இந்தப் படிகங்களிலும் அதே கதை. ஒவ்வொரு பகுதிக்கும் திசை இருக்கிறது, ஆனால் மொத்த அளவீட்டில் அது காணாமல் போய்விடும்.

தீர்வு ரொம்பவே எளிமையாக இருந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இயன் ஃபிஷர் குழு, படிகத்தைச் சின்ன இடுக்கி மாதிரியான கருவியில் வைத்து ஒரு பக்கமாக அமுக்கிக்கொண்டே குளிர்வித்தது. அமுக்கிய திசை குறுகிய திசையாக மாற, பெரும்பாலான பகுதிகள் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டன. இப்போது இரண்டு திசைகளிலும் மின்தடையைத் தனித்தனியாக அளக்கலாம்.

2010-ல் வந்த முடிவு பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. கோபால்ட் சேர்த்த பேரியம்-122 படிகங்களில் ஒரு திசையின் மின்தடை, மற்றதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை போனது. அதுவும், அணுக்கள் நெருக்கமாக இருக்கும் குறுகிய திசையில்தான் மின்தடை அதிகம். அணுக்கள் நெருங்கினால் எலக்ட்ரான் எளிதாகத் தாவும் என்பதுதானே நமது சாதாரணக் கணக்கு? இங்கே அது தலைகீழ்.

ஒரு சதவீதம்கூட இல்லாத நீள வித்தியாசம், மின்தடையை இரண்டு மடங்கு மாற்றாது. அப்படியானால் இதன் பின்னால் இருப்பது அணுக்களின் இடமாற்றம் மட்டும் அல்ல. எலக்ட்ரான்களே ஏதோ ஒரு முடிவை எடுக்கின்றன என்ற சந்தேகம் வலுத்தது.

கோழியா, முட்டையா?

சந்தேகம் இருந்தால் போதாது, நிரூபிக்க வேண்டும். படிகம் முதலில் உருமாறி, எலக்ட்ரான்கள் அதன் பின்னால் போகின்றனவா? எலக்ட்ரான்கள் முதலில் திசையைத் தேர்ந்தெடுத்து, படிகத்தை இழுத்துக்கொண்டு போகின்றனவா? இரண்டும் ஒரே வெப்பநிலையில் நடப்பதால் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

இங்கேதான் திரிபு கதாநாயகனாகிறது. பிளஸ் ஒன் இயற்பியலில் தகைவு, திரிபு படித்திருப்பீர்கள். ஒரு பொருளின் நீளம் எவ்வளவு மாறியது என்பதை அதன் மூல நீளத்தால் வகுத்தால் கிடைப்பது திரிபு.

வீட்டில் கேஸ் அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை அழுத்தினால் 'டிக்' என்று பொறி வருகிறது அல்லவா? உள்ளே இருப்பது பீசோ எலக்ட்ரிக் பொருள். அழுத்தினால் மின்னழுத்தம் தரும். அதையே திருப்பிப் போடலாம். மின்னழுத்தம் கொடுத்தால் அது நீளும், சுருங்கும்.

ஃபிஷர் குழுவின் ஜியூன்-ஹா சூவும் சக ஆய்வாளர்களும் மெல்லிய படிகத் துண்டை ஒரு பீசோ கட்டையின் மேல் பசை போட்டு ஒட்டினார்கள். வோல்டேஜைக் கூட்டிக் குறைத்தால் கட்டையோடு சேர்ந்து படிகமும் நீளும், சுருங்கும். அந்தத் திரிபு பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். 1 செ.மீ. நீளத்தில் ஒரு மைக்ரான். அந்தச் சின்ன இழுப்புக்கு இரண்டு திசைகளின் மின்தடை வித்தியாசம் எவ்வளவு மாறுகிறது என்று, சதுர நிலையிலேயே, வெப்பநிலையைக் குறைத்துக்கொண்டே அளந்தார்கள்.

இதன் தர்க்கம் என்ன? படிகம்தான் முதலாளி, எலக்ட்ரான்கள் வெறும் தொண்டர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரே அளவு திரிபுக்கு, எந்த வெப்பநிலையிலும் எலக்ட்ரான்களின் பதில் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். எலக்ட்ரான்களே திசை மாறத் துடித்துக்கொண்டிருந்தால், மாறும் வெப்பநிலையை நெருங்க நெருங்க அதே சின்ன இழுப்புக்கு அவற்றின் பதில் பெரிதாகிக்கொண்டே போக வேண்டும்.

2012-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த முடிவு: பதில் பெரிதாகிக்கொண்டே போனது. குளிரக் குளிர, செங்குத்தாக ஏறியது. ஆக, எலக்ட்ரான்கள்தான் முன்னால் போகின்றன.

இன்னொரு நுணுக்கமும் அந்தத் தரவில் இருந்தது. எலக்ட்ரான்களை மட்டும் விட்டிருந்தால் அவை திசை மாறியிருக்கக்கூடிய வெப்பநிலை, உண்மையில் மாறும் வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. படிகமும் கூட நின்று தோள் கொடுப்பதால்தான் மாற்றம் கொஞ்சம் முன்னதாகவே நடந்துவிடுகிறது.

காந்த ஒழுங்குக்கு என்ன ஆகிறது?

சாதாரண இரும்பு ஊசிக்குப் பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் ஊசிக்குள் இருக்கும் காந்தத் திசைகள் ஒரு பக்கம் திரும்புகின்றன. காந்தப்புலம் ஊசிக்கு என்ன செய்கிறதோ, அதையே ஒரு பக்கத் திரிபு நெமாட்டிக் ஒழுங்குக்குச் செய்கிறது. 'இந்தத் திசையைத் தேர்ந்தெடு' என்று படிகத்தின் காதில் சொல்கிறது.

மைதானத்தில் மாணவர்களுக்கு இடையே உள்ள இடைவெளியை ஒரு பக்கமாக மாஸ்டர் குறைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி சதுரம் இல்லை. வரிசை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது விசில் அடிக்கும் முன்பே பாதி முடிவாகிவிட்டது. அதனால் திரிபு கொடுத்த படிகத்தில், 'இந்த வெப்பநிலையில்தான் நெமாட்டிக் தொடங்கியது' என்று கோடு கிழித்துச் சொல்ல முடியாது. அது கொஞ்சம் கொஞ்சமாக, மேலிருந்தே தொடங்கிவிடும்.

ஆனால் காந்த ஒழுங்கு அப்படி மங்கிப்போவதில்லை. ஏன்? வரிசையின் திசையைத்தான் திரிபு சொல்லும். எந்த வரிசை நிற்க வேண்டும், எது உட்கார வேண்டும் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அந்த முடிவை இரும்பு அணுக்களே எடுக்க வேண்டும். ஆகவே, திரிபு கொடுத்த பிறகும் காந்த மாற்றம் தனியாக நடக்கிறது. அது நடக்கும் வெப்பநிலை மட்டும் நகர்கிறது.

எந்தப் பக்கம் நகர்கிறது? பேரியம்-122 படிகத்தை ஒரு பக்கமாக அமுக்கி நியூட்ரான்களை மோதவிட்டுப் பார்த்தபோது, காந்த ஒழுங்கு தொடங்கும் வெப்பநிலை மேலே ஏறியது. இதுவும் புரிந்துகொள்ளக்கூடியதுதான். வரிசைத் திசை ஏற்கெனவே முடிவாகிவிட்டால், பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதி சீக்கிரமே நடக்கும்.

எந்தப் பக்கம் இழுக்கிறோம் என்பதும் முக்கியம்

'இழுத்தால் மாறும்' என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. இழுக்கும் திசையைப் பொறுத்து விளைவே வேறு.

* இரும்பு வரிசையின் திசையில் இழுத்தால்: சதுரம் நேரடியாகச் செவ்வகமாகிறது. நெமாட்டிக் ஒழுங்குக்கு இது நேரடித் தூண்டுதல்.
* 45 டிகிரி திருப்பி, மூலைவிட்டத்தில் இழுத்தால்: சதுரம் சாய்சதுரமாகிறது. பக்கங்கள் இன்னும் சமம். இரண்டு வரிசைத் திசைகளில் எதற்கும் சலுகை கிடையாது. நெமாட்டிக் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று இது சொல்லாது. ஆனால், அது தொடங்கும் வெப்பநிலையைக் கீழே இறக்க முடியும்.
* எல்லாப் பக்கமும் சமமாக அமுக்கினால்: வடிவம் மாறாது, அணுக்களின் இடைவெளி மட்டும் மாறும். இது வேதிப்பொருள் சேர்ப்பதுபோல நெமாட்டிக், காந்தம் இரண்டின் வெப்பநிலையையும் நகர்த்தும்.

ஆய்வாளர்களுக்கு இது பெரிய வசதி. வேதிப்பொருள் சேர்த்துக் குணத்தை மாற்ற வேண்டும் என்றால் ஒவ்வோர் அளவுக்கும் ஒரு புதுப் படிகம் வளர்க்க வேண்டும். அதோடு, சேர்த்த அணுக்களே உள்ளே குப்பை மாதிரிக் கலந்து கணக்கைக் குழப்பும். திரிபு அப்படி இல்லை. ஒரே படிகம், ஒரு வோல்டேஜ் குமிழ். திருப்பினால் மாறும், திருப்பி வைத்தால் பழையபடி ஆகும்.

2014-ல் கிளிஃபோர்ட் ஹிக்ஸ், ஆண்ட்ரூ மெக்கென்சி உள்ளிட்டோர் வடிவமைத்த திரிபுக் கருவி இந்த வழியை இன்னும் அகலமாக்கியது. பீசோ கட்டைகளும் குளிரில் அளவு மாறும் என்பதுதான் அதுவரை இருந்த தொல்லை. இவர்கள் மூன்று கட்டைகளை அருகருகே வைத்தார்கள். மூன்றும் ஒரே அளவு மாறுவதால், அந்த விளைவு ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். பிறகு நடுக் கட்டைக்கு ஒரு வோல்டேஜ், வெளிக் கட்டைகளுக்கு எதிர் வோல்டேஜ். படிகத்தை விருப்பப்படி இழுக்கலாம், அமுக்கலாம். இதில் ஸ்ட்ரான்ஷியம் ருத்தேனேட் என்ற வேறு ஒரு பொருளை அமுக்கியபோது, அதன் சூப்பர்கண்டக்டர் வெப்பநிலை 1.5 கெல்வினிலிருந்து ஏறக்குறைய 3.4 கெல்வினுக்குப் போனது. இரண்டு மடங்குக்கும் மேல்!

அப்போ இரும்பிலும் வெப்பநிலை ஏறுமா?

இங்கே ஒரு ட்விஸ்ட். பேரியம்-122-ல் கோபால்ட் சேர்க்கச் சேர்க்க, காந்தமும் நெமாட்டிக்கும் பலவீனமாகிக்கொண்டே போகும். அவை இரண்டும் மறையும் இடத்துக்குப் பக்கத்தில்தான் சூப்பர்கண்டக்டர் வெப்பநிலை உச்சத்தைத் தொடும். 'குவாண்டம் மாறுநிலைப் புள்ளி' என்று அந்த இடத்தை அழைக்கிறார்கள்.

2016-ல் ஃபிஷர் குழு பல இரும்புச் சூப்பர்கண்டக்டர்களில் பீசோ சோதனையைச் செய்து பார்த்தது. உச்ச வெப்பநிலை தரும் கலவைகளில் எல்லாம், நெமாட்டிக் துடிப்பு பெரிதாகும் அதே அடையாளம் இருந்தது. எலக்ட்ரான்கள் எந்தத் திசையையும் உறுதியாகத் தேர்ந்தெடுக்காமல் தள்ளாடும் அந்த நிலை, ஜோடி சேர உதவுகிறதோ என்ற எண்ணம் வலுப்பட்டது.

அப்படியானால் தள்ளாட்டத்தை நிறுத்திவிட்டால்? 2020-ல் 'நேச்சர் பிசிக்ஸ்' இதழில் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு அதைச் செய்து காட்டியது. அந்தப் புள்ளிக்கு அருகில் உள்ள கோபால்ட் கலந்த படிகத்தை ஒரு பக்கமாக இழுத்தும் அமுக்கியும் பார்த்தார்கள். ஒரு சதவீதம்கூட இல்லாத திரிபுக்கே சூப்பர்கண்டக்டர் வெப்பநிலை வேகமாகச் சரிந்தது. இழுத்தாலும் சரிவு, அமுக்கினாலும் சரிவு.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். திரிபு, தள்ளாட்டத்தை அடக்கிவிடுவதால் ஜோடி சேர்வது குறைகிறது என்பது ஒன்று. திரிபு, போட்டியாளரான காந்த, நெமாட்டிக் ஒழுங்கைத் தூக்கிவிடுவதால் சூப்பர்கண்டக்டர் தோற்கிறது என்பது இன்னொன்று. இவை ஒன்றுக்கொன்று போட்டி என்பதற்குத் தனிச் சாட்சியும் உண்டு. குறைவாகக் கோபால்ட் சேர்த்த படிகம் சூப்பர்கண்டக்டர் ஆகும்போது, ஏற்கெனவே செவ்வகமாகியிருந்த கட்டம் கொஞ்சம் சதுரத்தை நோக்கித் திரும்புகிறது.

குழப்பத்தைக் கூட்டும் இரும்பு செலினைடு

இவ்வளவு நேரம் காந்தமும் நெமாட்டிக்கும் கைகோத்து நடந்தன. அதனால் 'காந்தத் துடிப்புதான் நெமாட்டிக்குக் காரணம்' என்று முடித்துவிடலாம்போல இருக்கும். ஆனால் இரும்பு செலினைடு அதை விடுவதில்லை.

2008-ல் தைவானின் மாவ்-குவென் வூ குழு இதை 8 கெல்வின் அளவில் சூப்பர்கண்டக்டராகக் கண்டது. இரண்டே தனிமங்கள், ஆர்சனிக் விஷம் இல்லை. இது 90 கெல்வினில் நெமாட்டிக் ஆகிறது. ஆனால் சாதாரண அழுத்தத்தில் எவ்வளவு குளிர்வித்தாலும் காந்த ஒழுங்கு வருவதில்லை!

அப்போ வேறு யார் காரணம்? எலக்ட்ரான் இருக்கும் ஆர்பிட்டால்கள் என்கிறது இன்னொரு தரப்பு. இரும்பில் இரண்டு ஆர்பிட்டால்கள் ஒன்றுக்கொன்று 90 டிகிரி திரும்பி இருக்கும். சதுர நிலையில் இரண்டுக்கும் ஒரே ஆற்றல். எலக்ட்ரான்கள் ஒன்றை அதிகம் விரும்பத் தொடங்கினால், அங்கேயே திசை தேர்வாகிவிடும்.

இதைச் சோதிக்க அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தின் பெங்செங் தாய் தலைமையிலான குழு ஒரு சாமர்த்தியமான வழியைக் கையாண்டது. நியூட்ரான் சோதனைக்கு நிறையப் பொருள் வேண்டும். இரும்பு செலினைடு படிகங்களோ ரொம்பச் சின்னவை, ஒவ்வொன்றையும் அமுக்க முடியாது. அதனால் அவற்றை வரிசையாகப் பெரிய பேரியம்-122 படிகங்களின் மேல் ஒட்டிவிட்டு, பேரியம்-122-ஐ அமுக்கினார்கள். 140 கெல்வின் அருகே அது செவ்வகமாகும்போது, மேலே ஒட்டியிருக்கும் சின்னப் படிகங்களையும் சேர்த்து இழுத்துவிடும். ஒரு படிகமே இன்னொரு படிகத்துக்குத் திரிபுக் கருவி!

2019-ல் வந்த முடிவில், இரும்பு செலினைடிலும் குறைந்த ஆற்றல் காந்தத் துடிப்புகள் ஒரு திசையில்தான் வலுவாக இருப்பது தெரிந்தது. காந்த ஒழுங்கு இல்லை, ஆனால் பி.டி. மைதானத்தின் அந்த எழுந்து-உட்காரும் தாளம் இருக்கிறது. அதற்காக ஆர்பிட்டால் தரப்பு தோற்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றையொன்று இழுப்பதால், பிரித்துப் பார்ப்பதுதான் சிரமம்.

இதே பொருளின் மெல்லிய படலங்களிலும் திரிபு தன் வேலையைக் காட்டுகிறது. கால்சியம் ஃபுளோரைடு மேல் வளர்த்தால் படலம் தளத்துக்குள் நெருக்கப்படும், சூப்பர்கண்டக்டர் வெப்பநிலை 11, 12 கெல்வின் வரை ஏறும். எல்லாப் பக்கமும் அதிக அழுத்தம் கொடுத்தால் 37 கெல்வின் அளவைத் தொடும்.

இதனால் நமக்கு என்ன?

நியாயமான கேள்வி. இரும்புச் சூப்பர்கண்டக்டர்கள் அறை வெப்பநிலைக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் அவற்றுக்கு ஒரு தனி பலம் உண்டு. 50 டெஸ்லாவுக்கும் மேற்பட்ட காந்தப்புலத்தைக் குறைந்த வெப்பநிலையில் தாங்கக்கூடியவை அவற்றில் உண்டு. மருத்துவமனை எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா. மிக வலுவான காந்தங்கள் செய்ய இவை நல்ல வேட்பாளர்கள். 2016-ல் சீன அறிவியல் கழகத்தின் மின்பொறியியல் நிறுவனம் 100 மீட்டர் நீளத்துக்கு இரும்புச் சூப்பர்கண்டக்டர் கம்பியைச் செய்து காட்டியது.

காந்தச் சுருளில் மின்சாரம் பாயும்போது கம்பியின் மேல் பெரிய விசை வரும். கம்பி இழுபடும், அமுங்கும். அதாவது, திரிபு. பிரான்ஸில் இந்தியாவும் பங்குதாரராக உள்ள ஐடர் அணுக்கருப் பிணைவு உலையில் பயன்படும் நையோபியம்-டின் கம்பிகளே திரிபுக்கு ரொம்ப சென்சிட்டிவ். இரும்புக் குடும்பம் எவ்வளவு இழுப்பைத் தாங்கும், எந்தக் கலவை தாங்கும் என்று தெரியாமல் காந்தம் கட்ட முடியாது.

இன்னொரு காரணம் இன்னும் ஆழமானது. சாதாரண உலோகங்களில் எலக்ட்ரான்கள் ஏன் ஜோடி சேர்கின்றன என்பதை 1957-ல் வந்த பி.சி.எஸ். கோட்பாடு விளக்கிவிட்டது. காப்பர் ஆக்சைடுக்கும் இரும்புக்கும் அப்படி எல்லோரும் ஏற்றுக்கொண்ட விளக்கம் இன்னும் இல்லை. ஜோடி சேர்ப்பவர் யார் என்று தெரிந்தால்தான், அதைவிட நல்ல பொருளைக் குருட்டாம்போக்கில் இல்லாமல் திட்டமிட்டுத் தேட முடியும்.

30 விநாடியில்...

* இரும்புச் சூப்பர்கண்டக்டர்களில் எலக்ட்ரான்கள் ஒரு திசையைத் தேர்ந்தெடுக்கும் நிலைதான் நெமாட்டிக் ஒழுங்கு.
* படிகம் அல்ல, எலக்ட்ரான்களே இதை முன்னின்று நடத்துகின்றன என்று 2012 பீசோ சோதனை காட்டியது.
* ஒரு பக்கத் திரிபு நெமாட்டிக் தொடக்கத்தை மங்கலாக்கும். காந்த மாற்றம் தனியாகவே நடக்கும், ஆனால் அதன் வெப்பநிலை நகரும்.
* மாறுநிலைப் புள்ளிக்கு அருகில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான திரிபே சூப்பர்கண்டக்டர் வெப்பநிலையை வேகமாகக் குறைத்துவிடும்.
* காந்தத் துடிப்பா, ஆர்பிட்டாலா? யார் முதல் காரணம் என்ற விவாதம் முடியவில்லை.

இப்போது பல ஆய்வகங்கள் திரிபுக் கருவியை எக்ஸ்ரே, நியூட்ரான், என்.எம்.ஆர். சோதனைகளுக்கு உள்ளேயே கொண்டுபோய்விட்டன. படிகத்தை இழுத்துக்கொண்டே அதன் அணு இடைவெளி, காந்தத் திசை, எலக்ட்ரான் ஆற்றல் ஆகியவற்றை அளக்க முடிகிறது. மூன்றில் எது முதலில் அசைகிறது என்பதை நேரடியாகப் பார்க்க வழி திறந்திருக்கிறது. பதில் அங்கிருந்துதான் வர வேண்டும்.